வீட்டு வாசலில் இலவசப் பரிசோதனை

“கொஞ்சம் சாயாம நில்லுங்க சார், போட்டோ எடுக்கணும்” என்று குரல் கேட்டதும், காரில் சாய்ந்து நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். துக்க வீட்டில் எதற்கு போட்டோ என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்.

மகன் கூடத்திலிருந்து வெளியே வந்தபோது, நீலச் சட்டைக்காரர் ஒருவர் குத்துக்காலிட்டு பின்சக்கரத்தின் டயரைத் தடவிக்கொண்டிருந்தார். சட்டை முதுகில், ஆன்லைனில் பழைய கார் வாங்கி விற்கும் கம்பெனியின் பெயர். ஐயா போன வாரமே இன்றைக்கு நேரம் குறித்து புக் பண்ணியிருந்ததாகச் சொன்னார். நாற்காலிகளைப் பார்த்து ஏதோ விசேஷம் என்று நினைத்தாராம்.

“அப்பா காலைல தவறிட்டாரு” என்றான் மகன்.

நீலச் சட்டைக்காரர் தொப்பியைக் கழற்றினார். கையில் டேப்லெட், டார்ச், தொப்பி மூன்றும் சேர்ந்துவிட, எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் தொப்பியைத் திரும்பவும் தலையிலேயே வைத்துக்கொண்டார்.

இந்தக் காரால்தான் அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு குறைந்தது. கண் மங்கியதிலிருந்து அப்பா கேட் தூணை இரண்டு தடவை உரசிவிட்டார். இனி ஓட்டக் கூடாது, விற்றுவிடுங்கள் என்று மகன் சொன்னான். அப்பா சரி என்றார். அதன் பிறகு போனில் மகன் “வித்தாச்சா?” என்பான். “ஆள் வந்து பாத்துட்டுப் போனான், விலை படியல” என்பார் அப்பா. வேறு பேச எதுவும் இல்லாததுபோல் இரண்டு பேரும் வைத்துவிடுவார்கள். போன ஞாயிறு மகன் ஒரு வாக்கியம் கூடச் சேர்த்தான்: “அப்ப அந்தக் காரையே கட்டிக்கிட்டு அழுங்க.” அதற்குப் பிறகு பேசவில்லை. இனி பேசவும் முடியாது.

புக்கிங்கை ரத்து செய்யச் சொன்னான். செய்யலாம், ஆனால் வாடிக்கையாளர் போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்ல வேண்டும் என்றார் நீலச் சட்டைக்காரர். உள்ளே அப்பாவின் போன் ஒரு முறை கூவி அடங்கியது. அது விரல் வைத்தால் திறக்கிற போன். அத்தான், அப்பாவைக் கிடத்தியிருந்த கூடத்துப் பக்கம் யோசனையோடு பார்த்தார்.

“இல்ல, விரல்தானே வேணும்...” என்று ஆரம்பித்தார்.

அக்கா பார்த்த பார்வையில் அவர் எழுந்துபோய் நாற்காலிகளை நேராக்கத் தொடங்கினார். ஏற்கெனவே அவை நேராகத்தான் இருந்தன.

அமரர் ஊர்தி வர இன்னும் ஒரு மணி நேரம். அதற்குள் கேட்டை மறித்து நிற்கும் காரை எடுத்தாக வேண்டும். எடுப்பதானால் அதையே டெஸ்ட் டிரைவாக வைத்துக்கொண்டால் புக்கிங் தானாக முடிந்துவிடும், ரத்து செய்வதைவிட இதுதான் சுலபம் என்றார் நீலச் சட்டைக்காரர்.

“ஒண்ணே ஒண்ணு சார். ஓனர் பக்கத்துல உக்காரணும்.”

வாசலில் இருந்தவர்கள் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

“குடும்பத்துல யாராச்சும் வந்தாலும் போதும்” என்று அவரே திருத்திக்கொண்டார்.

அம்மா சாவியோடு வெளியே வந்தாள். மகன் கையை நீட்டினான். அம்மா அவனைத் தாண்டிப் போய் நீலச் சட்டைக்காரர் கையில் கொடுத்தாள்.

“வந்துட்டியாப்பா” என்றாள். “போயிட்டாருப்பா.”

“ஆமாம்மா” என்றார் அவர். அவள் உள்ளே போகும்வரை நின்றுவிட்டுத்தான் கார்க் கதவைத் திறந்தார்.

மகன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். சீட் நன்றாகப் பின்னால் தள்ளி, சௌகரியமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கதவைச் சாத்துவதற்குள் அத்தான் குனிந்து, எவ்வளவு தேறும் என்று மெதுவாக விசாரித்து வைக்கும்படி காதோடு சொன்னார். நீலச் சட்டைக்காரருக்கும் நன்றாகக் கேட்டது.

தெருமுனை தாண்டியதும், அம்மாவை முன்பே தெரியுமா என்று மகன் விசாரித்தான். இதற்கு முன்னால் ஆறேழு தடவை வந்திருப்பதாகச் சொன்னார் அவர். இந்த நம்பர் திரையில் வந்தாலே ஆபீஸில் சிரித்துக்கொண்டு அவர் தலையில் கட்டிவிடுவார்களாம்.

“எவ்வளவுதான் கேட்டாரு?”

“விலை கேட்டதே இல்ல சார். ரிப்போர்ட் வந்ததும் பாக்காமலே வேணாம்னு அழுத்திடுவாரு.”

“பின்ன எதுக்கு உங்கள வரச்சொன்னாரு?”

நீலச் சட்டைக்காரர் கியரை மாற்றினார். “டெஸ்ட் டிரைவுக்குத்தான். பையன் ஓட்டக் கூடாதுன்னுட்டான், அவன் சொல்றதும் சரிதானேன்னாரு. டாக்ஸில போலாமே ஐயான்னு கேட்டேன். சொந்தக் கார் நிக்கிறப்ப எவனாவது வாடகை கொடுப்பானான்னாரு. இலவசம்னு நீங்கதானே விளம்பரம் போட்டிருக்கீங்கன்னு எங்களையே மடக்கிட்டாரு.”

மகன் ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். அது பாதி வரைதான் இறங்கியது.

மருந்துக் கடை, பள்ளிக்கூடச் சுவர், பெட்ரோல் பங்க். எந்த இடத்திலும் வழி கேட்காமல் அவர் ஓட்டிக்கொண்டு போனார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இடது புறம் திரும்பியபோது மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“இங்க ஏன் வரீங்க?”

“ஐயா ரூட் சார் இது. கை பழக்கத்துல திரும்பிடுச்சு.”

பச்சைக் கேட் போட்ட அடுக்குமாடிக் கட்டடத்தின் முன்னால் கார் வேகம் குறைந்தது. வாட்ச்மேன் காரைப் பார்த்ததும் சிரித்து, ஒரு சல்யூட் வைத்தார். பக்கத்து சீட்டில் இருந்த முகத்தைப் பார்த்ததும் கையை இறக்க மறந்து அப்படியே நின்றார். அந்தக் கட்டடத்தில்தான் மகன் குடியிருந்தான். அவனுக்கு அவர் ஒருநாளும் சல்யூட் வைத்ததில்லை.

“இந்த எடத்துல மட்டும் ஸ்லோ பண்ணச் சொல்லுவாரு” என்றார் நீலச் சட்டைக்காரர். “அண்ணாந்து மூணாவது மாடியப் பாப்பாரு. என்ன ஐயான்னா, பிரேக் டெஸ்ட்டும்பாரு. உள்ள யாராவது தெரிஞ்சவங்களா, போயிட்டு வாங்க, நான் நிக்கிறேன்னு ஒருதடவ சொன்னேன். வேலைக்குப் போற நேரம், தொந்தரவு எதுக்குன்னுட்டாரு.”

கார் கட்டடத்தைக் கடந்தது. மகனின் போன் அடித்தது. அத்தான். அவன் எடுக்கவில்லை.

“பிரேக் எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

“ஒரு குறையும் இல்ல சார்.”

“இன்னொரு தடவை பாத்துடுங்க.”

நீலச் சட்டைக்காரர் திரும்பி ஒரு தடவை அவனைப் பார்த்தார். தெருக்கோடியில் காரைத் திருப்பினார். பச்சைக் கேட் வந்ததும் மகன் பாதி இறங்கிய கண்ணாடி வழியே தலையைச் சாய்த்து அண்ணாந்து பார்த்தான். மூன்றாவது மாடிக் கொடியில், எடுக்க மறந்த அவனுடைய ஆபீஸ் சட்டை ஒற்றை கிளிப்பில் ஆடிக்கொண்டிருந்தது.