கர்விட்டிக்கு ஆதாரம் இல்லை

அவளை அலுவலகத்தில் மட்டுமல்ல, புகுந்த வீட்டிலும் 'அகராதி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆங்கிலம்–தமிழ் அகராதி தயாரிக்கும் இடத்தில் பதினோரு வருடமாகத் துணைப் பதிப்பாசிரியர். பார்க்கும் வேலையால் வந்த பெயரா, அகராதி பிடித்தவள் என்பதால் வந்ததா என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் இரண்டும்தான் என்று சொல்லிவிடுவார்கள்.

புதிய பதிப்பில் ஆங்கில 'சி' (C) எழுத்து அவள் பொறுப்பு. அதில்தான் 'கர்விட்டி' அகப்பட்டது. 'கர்வ்' என்றால் வளைவு, 'கர்வேச்சர்' என்றால் வளைவின் அளவு. கர்விட்டிக்கு மிச்சமிருந்தது வளைந்திருக்கும் குணம் மட்டும். வில்லுக்கும் ஆட்டுக்கொம்புக்கும் கர்விட்டி உண்டு என்று எந்தக் காலத்திலோ யாரோ எழுதியிருந்தார்கள். அதன்பின் அந்தச் சொல்லைச் சீந்துவாரில்லை. அவளுக்கு மட்டும் அதன் மேல் பாசம் வந்துவிட்டது. நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு 'வளைமை' என்று தமிழில் ஒரு சொல்லும் கண்டுபிடித்தாள்.

அந்தச் சொல்லுக்கு அவள் எழுதிய சீட்டைத் தலைமைப் பதிப்பாசிரியர் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதை யாரும்மா இப்போ எழுதுறாங்க?"

"அழகான சொல் சார்."

"அழகுக்கெல்லாம் இடம் குடுத்தா அகராதியை லாரியிலதான் ஏத்தணும். இந்தக் காலத்து எழுத்துல மூணு இடம் காட்டு. இல்லேன்னா வெட்டிடு. மூணு மாசம் டைம்."

ஒரு மாதம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் சாலைத் துறையில் சர்வேயர். மலைச்சாலை வளைவுகளை அளப்பதுதான் அவர் பிழைப்பு.

"கர்விட்டியா? கர்வம் பிடிச்சவளை அப்படிச் சொல்வாங்களோ?" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"கிண்டல் போதும். உங்க அறிக்கையில ஒரே ஒரு தடவை எழுதுங்களேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

கல்யாணமான பத்து வருடத்தில் அவள் அவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கியது குறைவு. அவரும் மறுக்கவில்லை. 'பதினான்காம் கிலோமீட்டரில் கர்விட்டி அதிகம்' என்று ஆங்கிலத்தில் எழுதி, பொறியாளர் மேசையில் வைத்தார்.

பொறியாளருக்கு அர்த்தம் தெரியவில்லை. கீழே வேலை செய்பவனிடம் போய்க் கேட்க முடியுமா? கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். மேலே இருந்தவருக்கும் அதே மானப் பிரச்சினை. ஆனால் அவர் ஒரு படி கெட்டிக்காரர். 'பதினான்காம் கிலோமீட்டருக்கு மட்டும் எழுதினால் போதுமா? மற்ற கிலோமீட்டர்களின் கர்விட்டி என்ன?' என்று திருப்பிக் கேட்டார். அதோடு எல்லாப் படிவங்களிலும் கர்விட்டிக்கு ஒரு கட்டம் முளைத்தது. தார் பெயர்ந்ததற்குக் காரணம் கேட்டபோது, ஒப்பந்தக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே, "கர்விட்டி ஜாஸ்தி சார், நாங்க என்ன பண்றது?" என்றாராம்.

அந்தப் படிவங்களிலும் கடிதங்களிலும் கர்விட்டி வந்த இடங்களைக் குறித்த ஒன்பது சீட்டுகளோடு அவள் தலைமைப் பதிப்பாசிரியர் முன்னால் போய் நின்றாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"எல்லாம் ஒரே ஆபீஸ். அந்த ஆபீஸ்ல உன் வீட்டுக்காரர். இது சொல் வழக்கு இல்லம்மா, குடும்ப வழக்கு."

கோபப்படாமல் சிரித்தபடியே சிவப்பு மையால் அடித்தார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு கூசியிருக்காது.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் ஆறுதலாகத்தான் ஆரம்பித்தார். "போகட்டும் விடு. எப்படியும் நீ எழுதின அர்த்தம் தப்புதானே?"

"என்னது?"

"வளையிற குணம்னு எழுதினியே. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வளைவு, அதாம்மா கர்விட்டி. சுற்றறிக்கையே வந்தாச்சு. குணத்தை எல்லாம் டேப் வெச்சு அளக்க முடியுமா?"

அந்தச் சொல்லையே அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அகராதி வெளிவந்தது. சாலைத் துறை நாற்பது பிரதி வாங்கியது. கையோடு ஒரு புகார்க் கடிதமும் வந்தது: 'எங்கள் துறையில் அன்றாடம் புழங்கும் ஒரு சொல்லே இல்லாத இதை எப்படி முழுமையான அகராதி என்பது?' தலைமைப் பதிப்பாசிரியர் கடிதத்தை அவள் மேசையில் போட்டு, "பதிலை நீயே எழுதும்மா, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். அவளும் எழுதினாள்: 'மேற்படி சொல் வழக்கில் இருப்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை.' எழுதும்போது உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பதில் சுற்றிச் சுற்றி அவள் கணவர் மேசைக்கே வந்து சேர்ந்தது. ஆதாரம் திரட்டும் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள். மனிதர் லேசுப்பட்டவரா? ஆறு வட்டார அலுவலகங்களுக்கு எழுதிப் போட்டு, முன்னூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் தயாரித்தார். தேதி, பக்க எண், எழுதியவர் பதவி என ஒன்றும் விடுபடவில்லை. பதினோரு வருடத்தில் இவ்வளவு சுத்தமான சீட்டுகளை அவள் பார்த்ததில்லை. வீட்டில் அவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் கேட்டபோதும் 'ஆபீஸ் விஷயம்' என்றுவிட்டார்.

தலைமைப் பதிப்பாசிரியர் அசந்துபோனார். "பாத்தியா, உயிருள்ள சொல்லா இருந்தா அதுவே வந்து கதவைத் தட்டும். அடுத்த அச்சுல பின்னிணைப்புல சேத்துடு."

"என்ன பொருள் சார் போடறது?"

"அவங்க எழுதினபடிதான். ஒரு கிலோமீட்டரில் உள்ள வளைவுகளின் எண்ணிக்கை."

"வளைமைன்னு ஒண்ணு..."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

இருக்கவில்லை. அவள் தன் கையாலேயே அந்தப் பொருளை எழுதி அச்சுக்கு அனுப்பினாள். மெய்ப்பு வந்ததும் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.