கறுப்பு மணலில் கிடந்தவள்

அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதாமல் இருந்திருந்தால், இந்த ஆகஸ்டிலும் என் அண்ணன் வழக்கம்போல் ஜெர்மனியிலிருந்து வந்து, அம்மா வறுத்துப்போட்ட மீனைத் தின்று, காப்பிக்கடையில் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பான்.

ஏதென்ஸ் போலீஸில், முடியாமல் கிடக்கும் பழைய கொலை வழக்குகளைப் பார்க்க ஒரு பிரிவு இருப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். அன்றைக்கே எழுதினேன்.

‘1988 நவம்பரில் எங்கள் பெட்ராக்கி ஊரின் கறுப்பு மணல் கரையில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியது. மண்டையில் மூன்று அடி. யாரென்று இன்றுவரை தெரியாது. எலும்புகள் எங்களிடம் இருக்கின்றன. அவளுக்கு ஒரு பெயர் வேண்டும். இப்படிக்கு, ஸ்மரோ, நகராட்சி அலுவலகம்.’

கல்லறைப் பதிவேடு என் பொறுப்பில் இருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஒரு வரி என் கண்ணில் குத்தும். பெயர்: இல்லை. ஊர்: இல்லை. உறவு: இல்லை.

அம்மாவுக்கு நான் கடிதம் எழுதியது பிடிக்கவில்லை.

“செத்தவளை ஏண்டி கிளறுற? உனக்கு ஆபீஸ்ல வேற வேலையே இல்லையா?”

“அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள்ல?”

அம்மா எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாள்.

உடல் கிடைத்தபோது எனக்குப் பதினொரு வயது. மூன்று வாரம் கடலில் ஊறிய உடல். முகம் இல்லை. சட்டையில் ஜெர்மன் கடை முத்திரை. கழுத்தில் சிலுவை இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் தீர்ப்பை எழுதியது. ஞானஸ்நானத்தன்று கழுத்தில் ஏறும் சிலுவையை எங்கள் ஊர்ப் பெண்கள் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

“சிலுவை இல்லையா? அப்ப நம்ம பொண்ணு இல்ல. எவளோ டூரிஸ்ட்” என்றது காப்பிக்கடை. இன்ஸ்பெக்டரும் அதையே எழுதிக்கொண்டார். ஊரில் யாரும் காணாமல் போகவும் இல்லையே! உடலை ஊர்ப் பெண்கள் யாருக்கும் காட்டக்கூட இல்லை. மதில் ஓரமாகப் புதைத்தார்கள். சிலுவை இல்லாதவளுக்கு முழுப் பூசை செய்யலாமா கூடாதா என்று பாதிரியார் இரண்டு நாள் யோசித்தார்.

மூன்று வருடம் கழித்து, எல்லாக் கல்லறைகளையும் போலவே அதையும் தோண்டினார்கள். சொந்தக்காரர்கள் இருந்தால் எலும்பை ஒயினில் கழுவி, தகரப் பெட்டியில் பெயர் எழுதி, எலும்பு அறையில் அடுக்குவார்கள். இல்லாதவர்களுடையது பொதுக்குழிக்குப் போகும். வெட்டியான் லூக்காஸ் மண்வெட்டியால் அள்ளப்போன நேரத்தில், என் அம்மா அர்ஜிரோ குறுக்கே போய் நின்றாள்.

“குடு. நான் கழுவுறேன். என் பெரியவ தசூலாவும் எங்கேயோ வெளிநாட்டுல கெடக்கா. நான் இவளுக்குச் செஞ்சா, அங்க எவளாவது என் பொண்ணுக்குச் செய்வா.”

அக்கா தசூலா 1988 அக்டோபரில் அண்ணன் பாண்டெலிஸுடன் காரில் ஜெர்மனிக்குக் கிளம்பியவள். அங்கே வேலை வாங்கித் தருவதாக அவன்தான் கூட்டிப் போனான். அடுத்த ஈஸ்டருக்கு அவனிடமிருந்து போன் வந்தது: “அவ ஒரு துருக்கிக்காரனோட ஓடிட்டா. நம்ம மூஞ்சில முழிக்க மாட்டாளாம்.” அப்பா ரிசீவரை வைத்துவிட்டு, “இனிமே இந்த வீட்டுல அவ பேரை எடுக்கக் கூடாது” என்றார். அத்தோடு சரி; சாகும்வரை அவரும் எடுக்கவில்லை. அந்தப் பேச்சுக்குப் பிறகு எங்கள் ஊரில் எந்தத் தகப்பனும் மகளைத் தேட மாட்டான்.

ஆக, யாரோ ஒருத்தியின் எலும்பை அம்மா கழுவினாள். பதினான்கு வயதான நான் ஒயின் ஊற்றினேன்.

கடிதம் போட்ட ஆறாவது வாரம் லெப்டினன்ட் கிளியோ வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். எலும்பு அறையில் பெயரில்லாமல் இருந்த அந்தத் தகரப் பெட்டியைப் பார்த்ததும் கிட்டத்தட்ட குதித்துவிட்டாள்.

“உங்க அம்மாவுக்குச் சிலை வைக்கணும் மேடம்! பொதுக்குழிக்குப் போயிருந்தா எல்லாம் போச்சு.”

பிறகு ஒரு சின்ன வேலை சொன்னாள். எலும்பைத் தொட்டவர்கள் எல்லோரும் எச்சில் மாதிரி கொடுக்க வேண்டும். எங்கள் மரபணு எலும்பில் ஒட்டியிருந்தால், அதைத் தனியே கழிப்பதற்காக.

லூக்காஸ் வாயைத் திறந்துகொண்டே கேட்டான்: “பாதிக்குப் பாதி சாராயமா இருக்கும். பரவால்லயா?”

“பரவால்ல. ஊதாம இருங்க, அது போதும்.”

நானும் கொடுத்தேன். அம்மா மட்டும் கதவைத் திறக்கவே இல்லை. உள்ளிருந்து குரல் வந்தது: “எனக்குப் பல்லே இல்ல. எச்சிலுக்கு எங்க போறது?”

கிளியோ சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி. அண்ணன் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அலுவலகத்தில் போன் அடித்தது.

“மேடம், தனியா இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“முதல்ல லேப்ல தப்பு நடந்திருக்குன்னு நெனச்சோம். நீங்க கழுவினதால உங்களோடது கலந்திருச்சோன்னு. அதனால தொடை எலும்புக்கு உள்ள இருந்து எடுத்து மறுபடி பார்த்தோம். கலக்கல. அது உங்களோடது இல்ல. ஆனா...”

“ஆனா?”

“உங்க கூடப் பிறந்தவளோடது. ஒரே அப்பா, ஒரே அம்மா. மேடம்... உங்களுக்கு அக்கா யாராவது இருக்காங்களா?”

மேஜையில் பதிவேடு திறந்து கிடந்தது. வெளியே யாரோ ஒருவர் தண்ணீர் வரி கட்ட வந்து நின்று, “ஸ்மரோ, ஸ்மரோ” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அது என் பெயர் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அக்கா துருக்கிக்காரனோடு ஓடவில்லை. ஜெர்மனிக்கும் போகவில்லை. ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. ஜெர்மன் சட்டை அண்ணன் அவளுக்கு வாங்கி வந்தது. சிலுவையைக் கழற்றிய கை, சிலுவை இல்லாவிட்டால் ஊர் என்ன நினைக்கும் என்று தெரிந்த கை.

“கடைசியா அவங்க யாரோட போனாங்க?” கிளியோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என் அண்ணனோட.”

மறுமுனையில் நீண்ட மூச்சு. “நேரா சொல்லிடறேன் மேடம். கொலைக்கு வழக்குப் போட இருபது வருஷம்தான் கெடு. அது தாண்டி பதினாறு வருஷம் ஆச்சு. அவரே ஒத்துக்கிட்டாலும் என்னால கைது பண்ண முடியாது. உங்க அக்கா பேரை எழுதலாம். அவ்வளவுதான் என் கையில.”

மதியத் தூக்கத்தில் ஊர் அடங்கியிருந்தது. வீட்டுக்கு ஓடினேன். வழியில் ஒரு எண்ணம் என்னைப் பிடித்து நிறுத்தியது.

ஒவ்வொரு வருடமும் ஆன்மாக்களின் சனிக்கிழமையன்று, குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். பாதிரியார் உரக்கப் படிப்பார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்வாள், நான் எழுதுவேன். யோவான்னிஸ். மரிகோ. அனஸ்தாசியா. அந்த மூன்றாவது பெயர் யார் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். “என் சின்னம்மா. சின்ன வயசுலயே போயிட்டா” என்றாள்.

தசூலா வீட்டில் கூப்பிடும் பெயர். ஞானஸ்நானப் பெயர் அனஸ்தாசியா.

உயிரோடு இருக்கிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த அக்காவை, வருடம் தவறாமல், என் கையாலேயே செத்தவர்கள் பட்டியலில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

அம்மா சமையலறையில் குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குப் பிடித்த பதார்த்தம்.

“எப்பலேர்ந்து தெரியும்?” என்றேன். எது என்று சொல்லவில்லை.

அவளும் எது என்று கேட்கவில்லை. கை மட்டும் நின்றது.

“நீ ஒயின் ஊத்தினியே. அப்பலேர்ந்து.”

“எப்படிம்மா?”

“ஏழு வயசுல அத்தி மரத்துலேர்ந்து விழுந்தா. தோள்பட்டை எலும்பைக் கோணலா வெச்சுக் கட்டிட்டான் அந்த வைத்தியன். நாலு மாசம் நான் எண்ணெய் தேச்சேன். அந்தக் கோணல் என் விரலுக்குத் தெரியாதா?”

“போய்த் தண்ணி எடுத்துட்டு வாடின்னு அன்னிக்கு என்னை விரட்டினியே...”

“பின்ன? உன் எதிர்ல கத்தச் சொல்றியா?”

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“யார்கிட்ட? உங்கப்பன்கிட்டயா? துப்பாக்கியை எடுத்திருப்பார். ஒண்ணு மண்ணுக்குள்ள போயாச்சு. இன்னொண்ணையும் நானே புடிச்சுத் தள்ளவா?”

“அண்ணனைக் கேட்டியா? ஏன் செஞ்சேன்னு ஒரு தடவையாவது?”

“கேக்கல.” அம்மா அடுத்த மிளகாயை எடுத்தாள். “கேட்டா பதில் சொல்லிடுவானே.”

முப்பத்து மூன்று வருடம். முப்பத்து மூன்று ஆகஸ்ட். ஒவ்வொரு தடவையும் அவன் வாசலில் காரை நிறுத்தும்போது ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட கைகள் இவை.

அதே நேரம் பின்வாசல் திறந்தது. பாண்டெலிஸ். கடலில் குளித்துவிட்டுத் தோளில் துண்டோடு வந்தான். அறுபத்திரண்டு வயது. இன்னும் கரணை கரணையான கைகள்.

“என்ன ரெண்டு பேரும் பிசாசைப் பார்த்த மாதிரி நிக்கறீங்க? மிளகாய் தீஞ்சு போச்சா?”

“கறுப்பு மணல் பொண்ணு யாருன்னு தெரிஞ்சிடுச்சு” என்றேன்.

யார் என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தேன். யாராக இருந்தாலும் கேட்பார்கள். தூங்குகிற பூனைகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

அவன் துண்டால் காதைத் துடைத்தான். ஒரு காது. இன்னொரு காது.

“சட்டப்படி இப்ப ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?” என்றான்.

அம்மா கையிலிருந்த கிண்ணம் தரையில் விழுந்தது. அரிசி நாலாபக்கமும் சிதறியது. இத்தனை வருடம் தெரிந்தே இருந்தவள்தான்; ஆனாலும் காதால் கேட்டது அன்றைக்குத்தான்.

“என்னடா செஞ்ச?” என்றேன். அவனை ‘டா’ போட்டது வாழ்க்கையில் முதல் தடவை.

“கடலோர வளைவுல காரை நிறுத்தச் சொன்னா. வர மாட்டேன், திரும்பிப் போறேன்னா. ஊர் சிரிக்கும்னேன். சிரிக்கட்டும்னா. ஒரு தள்ளு தள்ளினேன். அவ்வளவுதான். வேணும்னு இல்ல.”

“மூணு அடி. மண்டைக்குப் பின்னால. ரிப்போர்ட்டை நான் படிச்சிருக்கேன்.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையில் குந்தி அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

“பழசை விடு ஸ்மரோ” என்றான். “அம்மாவுக்கு எண்பத்திநாலு வயசு. நிம்மதியா போகட்டும்.” சட்டையை மாட்டிக்கொண்டு காப்பிக்கடைக்குக் கிளம்பிவிட்டான். சீட்டாட!

கிளியோ சொன்னது சரிதான். கெடு முடிந்துவிட்டது. ஆனால் அது கோர்ட்டுக்கான கெடு. எங்கள் ஊருக்கு யார் கெடு வைத்தது?

இங்கே ஒருவர் இறந்தால், அடக்கத்துக்கு முன் அறிவிப்பு அச்சடித்து, கம்பம் கம்பமாக ஒட்டுவோம். பெயர், வயது, நேரம். கீழே துயரப்படும் உறவினர்களின் பட்டியல். ஊர் முதலில் படிப்பது கீழ்ப்பட்டியலைத்தான். யார் பெயர் முதலில், யார் பெயர் கடைசியில் என்பதற்காகப் பத்து வருடம் பேசாமல் இருந்த குடும்பங்கள் உண்டு.

மறுநாள் காலை நான் எழுதிய வாசகத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவள், முடிந்ததும் திறந்தாள்.

“அவன் பேர் எங்க?”

“இல்ல.”

“அவன் பேர் இல்லாம ஒட்டினா ஊரே கேக்கும்டி.”

“கேக்கட்டும்மா. நீ கேக்கல. ஊராவது கேக்கட்டும்.”

மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். தன் பெயரையும் எடுத்துவிடச் சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கடைசியில் சொன்னாள்: “என் பேரை முதல்ல போடு. பெரிய எழுத்துல.”

ஆகஸ்ட் பத்து, காலை பத்து மணி. காப்பிக்கடை நிரம்பியிருந்தது. நடுவில் பாண்டெலிஸ் ஏதோ கதை சொல்ல, நான்கு மேஜை சேர்ந்து சிரித்தது. நான் பசை வாளியோடு எதிர்க் கம்பத்துக்குப் போனேன். ஒட்டினேன். கையால் நீவிவிட்டேன்.

லூக்காஸ்தான் முதலில் எழுந்து வந்தான். “யாரு போயிட்டா? என்கிட்ட சொல்லாம எவன் செத்தான்?” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி படிக்க ஆரம்பித்தான்.

“எங்கள் அன்பு அனஸ்தாசியா... தசூலா... வயது இருபது. 1988 அக்டோபரில் கொல்லப்பட்டு, கறுப்பு மணல் கரையில்...”

குரல் இறங்கியது. கடைக்குள் சீட்டு போடும் சத்தம் நின்றது.

“...கரையில் கிடந்தவள். நல்லடக்கம் திங்கள் காலை பதினொரு மணி. துயரில்: தாய் அர்ஜிரோ. சகோதரி ஸ்மரோ.”

லூக்காஸ் காகிதத்தின் அடியில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். பின்பக்கம் திரும்பினான்.

“பாண்டெலி, உன் பேரை விட்டுட்டானே அச்சுக்காரன்?”

“அச்சுக்காரன் விடல” என்றேன். “நான்தான் வேண்டாம்னேன்.”

கடைக்காரி தட்டோடு வாசலிலேயே நின்றாள். பாண்டெலிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்ஸிக்கார வங்கேலிஸ், அவனுடைய பள்ளித் தோழன், மெதுவாகக் கேட்டான்:

“நீதானடா அவளைக் கார்ல ஏத்திட்டுப் போன? நான் கை காட்டினேனே. அவ கண்ணாடியை இறக்கிச் சிரிச்சாளே.”

ஊரையே சிரிக்க வைத்த பாண்டெலிஸ், கையிலிருந்த சீட்டுகளை அடுக்கத் தொடங்கினான். வங்கேலிஸ் தன் நாற்காலியைப் பின்னால் இழுத்தான். கல்தரையில் கீறும் சத்தம். பிறகு இன்னொரு நாற்காலி. இன்னொன்று.

நான் வாளியை எடுத்துக்கொண்டேன். துறைமுகம் வரை இன்னும் ஒட்ட வேண்டியிருந்தது.