மன்னன் மோர்காத்துக்கு விழுந்த ஓட்டுகள்

ஓரின் ஹாக்கெட் தேர்தல் மேடையேறி, இரண்டு கைகளையும் அகல விரித்து, "என் அருமை வெல்பி நகரத்து மக்களே!" என்று முழங்கியதும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் அத்தனை பேரின் கையும் கழுத்துக்குப் போனது. சிலர் காலரைத் தளர்த்திக்கொண்டார்கள். சிலர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். பன்றி வியாபாரி ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பெண்கள் மட்டும் ஒன்றும் புரியாமல் கணவன்மாரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹாக்கெட் அதைத் தன் பேச்சின் மகிமை என்றே எடுத்துக்கொண்டார். ஜனங்களுக்கு உணர்ச்சி தொண்டையை அடைக்கிறது போலும் என்று நினைத்து இன்னும் உரக்கப் பேசினார். கண்காட்சித் திடலின் மறுகோடியில் கட்டியிருந்த பரிசுக் காளை தலையைத் தூக்கிப் பார்த்தது.

வண்டியில் வீடு திரும்பும்போது மனைவி லவினா விடவில்லை.

"ஏன் ஓரின், நீ வாயத் தொறந்ததும் ஆம்பளைங்க எல்லாரும் கழுத்தப் புடிச்சுக்கிட்டாங்களே, எதுக்கு?"

"வெயிலு."

"வெயிலு என்ன, பொம்பளைங்க மேல அடிக்காதா?"

அவர் குதிரையை ஓட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டார்.

ஹாக்கெட் மரக்கடை வைத்திருந்தார். மாவட்ட சபையில் உறுப்பினர். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் எங்கள் பக்கத்தில் அந்த நாளில் தெருநாய் பிடிக்கும் உத்தியோகத்துக்கு நிற்பவன்கூட நாலு சகோதர சங்கங்களில் சேர்ந்தாக வேண்டும். ஹாக்கெட் நாலோடு நிற்கவில்லை. ஆந்தைச் சங்கம், கருவாலி மரச் சங்கம், தேன்கூட்டுச் சங்கம் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் சேர்ந்து, அவற்றின் பதக்கங்களைக் கடிகாரச் சங்கிலியில் கோர்த்துத் தொங்கவிட்டிருந்தார். நடந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். "மணி கட்டின மாடு வருதுன்னு நெனச்சேன், பாத்தா என் புருஷன்" என்று லவினா சொன்னதை அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பார். ஒவ்வொரு சங்கத்துக்கும் தனிக் கைகுலுக்கல் உண்டு. ஒருநாள் குழப்பத்தில் பாதிரியாரின் உள்ளங்கையை ஆந்தைச் சங்க முறைப்படி சுண்டுவிரலால் சுரண்டிவிட்டார். பாதிரியார் ஒரு மாதம் அவரிடம் கைகொடுக்கவே இல்லை.

ஆனால் அவர் மனசு முழுக்க ஒட்டியிருந்தது தங்கக் கலப்பைச் சகோதரர்கள் சங்கத்தில்தான். இரும்புக்கடை மாடியில் அதற்கு ஒரு பெரிய கூடம் இருந்தது. ஊரில் ஓட்டுரிமையுள்ள ஆண்களில் பெரும்பாலோர் அதில் உறுப்பினர்கள். புதிதாகச் சேருபவனுக்குக் கண்ணைக் கட்டி, வெள்ளை அங்கி மாட்டி, கழுத்தில் கயிற்றைப் போட்டு, கொடுங்கோலன் மோர்காத் மன்னன் முன்னால் இழுத்து வருவார்கள். அனுமதியில்லாமல் நிலத்தை உழுத குற்றத்துக்காக மன்னன் கர்ஜிப்பான்: "இந்தப் புழுவை, இவன் உழுத மண்ணிலேயே புதையுங்கள்!" அதைக் கேட்டுக் கால் நடுங்காமல் நின்றவன் இதுவரை கிடையாது. மோர்காத் வேறு யாருமல்ல, ஓரின் ஹாக்கெட்தான். பிறகு துறவி வருவார். கண்கட்டை அவிழ்த்து, ஆப்பிள் சாறு கொடுத்து, "அஞ்சாதே சகோதரா" என்று மெல்லச் சொல்வார். அந்தத் துறவி, பல் டாக்டர் மிலோ பாஸ்கம். இது எதையும் வெளியே மூச்சு விடுவதில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்திருக்கிறார்கள். மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது.

அந்த வருடம் மாநில செனட் தேர்தலில் ஒரு கட்சி ஹாக்கெட்டை நிறுத்தியது. எதிர்க்கட்சி பாஸ்கமை நிறுத்தியது. தலைநகரத்து மண்டபத்தில் ஒரு நாற்காலி வேண்டும் என்பது ஹாக்கெட்டின் ஆயுட்கால ஆசை. ஏற்கெனவே ஒருமுறை நின்று தோற்றவர். இந்த முறையும் தோற்றால் கட்சி அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. எதிராளியை நினைத்து அவருக்குக் கவலையே இல்லை. பாஸ்கமின் குரல் பூனைக்குட்டியின் குரல். போதாததற்கு ஊரில் பாதிப் பேருக்குப் பல்லைப் பிடுங்கியவர். பல்லைப் பிடுங்கியவனுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள் என்று கணக்குப் போட்டார்.

கண்காட்சிக்கு மறுநாள் ஷேவ் செய்துகொள்ள ஃபெல்ப்ஸின் முடிதிருத்தும் கடைக்குப் போனார். கலப்பைச் சங்கத்தின் தலைவரே ஃபெல்ப்ஸ்தான். பக்கத்து நாற்காலியில் வெளியூர் விற்பனைக்காரன் ஒருவன் இருந்ததால் ஃபெல்ப்ஸ் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார். அவன் எழுந்து போனதும் கதவைச் சாத்திவிட்டு, ஹாக்கெட்டின் தொண்டையில் கத்தியை வைத்தபடி ஆரம்பித்தார்.

"ஓரின், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"கத்தி உங்கிட்ட இருக்கு. நான் எங்க கோவிச்சுக்கிறது?"

"உன்னை எல்லாருக்கும் புடிக்கும். ஆனா நீ மேடையில கத்துனா அவனவனுக்குக் கயித்த மாட்டின ராத்திரிதான் ஞாபகம் வருது. பன்றி வியாபாரி அன்னிக்கு உன் முன்னாடி நின்னு 'அம்மா'ன்னு அழுதது உனக்கே தெரியும். உன் குரலக் கேட்டதும் கை தானா கழுத்துக்குப் போயிருது."

"அதுக்கு?"

"அதுக்கப்புறம் கண்ணத் தொறந்தா மொதல்ல தெரியிற மூஞ்சி யாருது? பாஸ்கம் மூஞ்சி. கையில ஆப்பிள் சாறு வேற."

ஹாக்கெட் மறுபடி கணக்குப் போட்டார். இத்தனை வருடமாக ஊரின் வாக்காளர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து, கண்ணைக் கட்டி, உயிர் போகிற மாதிரி பயமுறுத்தி, எதிராளியின் மடியில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். அதற்குச் சந்தாவும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். இப்படி ஒரு மடையன் இந்த மாநிலத்தில் வேறு இருப்பானா என்று கண்ணாடியைப் பார்த்தார். சோப்பு நுரையோடு அந்த மடையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தேர்தலுக்கு முன் இன்னும் ஒரே ஒரு சேர்க்கைச் சடங்கு மீதி இருந்தது. அன்றைக்காவது தன்னைத் துறவியாக எல்லோரும் பார்த்துவிட்டால் போதும் என்று தோன்றியது. சங்கத்துக்குள் அரசியல் பேசக் கூடாது என்பது விதி. அதனால் உண்மைக் காரணத்தை மறைத்து, கழுத்தில் சிவப்புக் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு பாஸ்கமிடம் போய், குரலைக் கம்மலாக்கிச் சொன்னார்.

"தொண்டை கட்டிருச்சு மிலோ. இந்த தடவ நீ மோர்காத்தா நில்லு. நான் துறவியா நிக்கிறேன்."

"எங்க, வாயத் தொற, பாப்போம்."

பல் டாக்டரிடம் பொய் சொல்ல வாயைத்தான் திறந்துகாட்ட வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பாஸ்கம் சிறு கண்ணாடியை உள்ளே விட்டு நெடுநேரம் பார்த்தார்.

"கடவாப் பல்லு ஒண்ணு ஆடுது. தொண்டை குதிரைக்கு இருக்கிற மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா உனக்கு வலிக்குதுன்னா வலிக்குதுதான். மாத்திக்கலாம்" என்று சிரித்தார். அந்த மனிதரை வெறுக்க ஹாக்கெட் எவ்வளவோ முயன்றும் முடியவில்லை.

சடங்கு நாள் மாலை கூடம் நிரம்பி வழிந்தது. புதிதாகச் சேர வந்தவன் ஒல்லியான பள்ளிக்கூட வாத்தியார் ஒருவன். பாஸ்கம் கிரீடத்தை மாட்டிக்கொண்டு கீச்சுக் குரலில், "இந்தப் புழுவை மண்ணிலேயே புதையுங்கள்" என்றவர், தொழில் பழக்கத்தில், "வலிக்காது" என்று சேர்த்துவிட்டார். கூடமே அதிர்ந்து சிரித்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு நின்ற வாத்தியாரும் சிரித்தான்.

இப்போது துறவியின் முறை. ஹாக்கெட் நீளத் தாடி தொங்க, பதக்கங்கள் கலகலக்க, கையில் சாற்றோடு போய் நின்றார். மெல்லப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் கடவுள் அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு குரல். கண்கட்டை விலக்கி, மூக்குக்கு நேராகக் குனிந்து, "அஞ்சாதே சகோதரா!" என்றார். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

வாத்தியார் ஒரே அலறலில் சாற்றைத் தட்டிவிட்டு, படிகளில் உருண்டு புரண்டு தெருவுக்கு ஓடினான். வெள்ளை அங்கி பறக்க, கழுத்துக் கயிறு பின்னால் இழுபட, பிரதான வீதியில் பறந்தான். சாற்றுக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி தாடியோடு துரத்தினார் ஹாக்கெட். "அஞ்சாதே! நில்லு! அஞ்சாதே!" எதிரே தேவாலயத்து வாசலில் மாதர் சங்கத்தின் கோழி விருந்து நடந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். லவினா தாடியைப் பார்க்கவில்லை. கலகல சத்தத்தைக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள்.

"யாரு ஓரின் அந்த பையன்? அவன எதுக்குத் தொரத்தின?"

"சொல்லக் கூடாது லவினா."

"தூக்குல போடறதுக்கா?"

"சொல்லக் கூடாது."

"உனக்கு ஓட்டு மட்டும் எப்படி விழும்னு சொல்லு. அதையாவது சொல்லலாமில்ல?"

ஓட்டு விழவில்லை. ஹாக்கெட் மண்ணைக் கவ்வினார். அதுவும் கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் இல்லை. சொந்த வார்டிலேயே பாஸ்கம் முந்திவிட்டார். தெருவில் ஆண்கள் அவரிடம் வழக்கத்தைவிட மரியாதையாகத் தொப்பியைத் தூக்கினார்கள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. மரக்கடைக்குள் பலகைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கொஞ்சம் அழுதார். அழுகையும் பெரிய குரலில் வந்துவிட, பக்கத்துக் கொட்டகைக் கோழிகள் கலைந்து பறந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் கலப்பைச் சங்கத்தில் வருடாந்தரப் பொறுப்புகளுக்குத் தேர்வு நடந்தது. போகவே கூடாது என்று நினைத்திருந்தவர் கடைசியில் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். மோர்காத் வேடத்துக்குப் பெயர் சொல்லும்படி ஃபெல்ப்ஸ் கேட்டதும் புதிய செனட்டர் பாஸ்கம் எழுந்தார்.

"பிரதர் ஹாக்கெட்ட முன்மொழியிறேன். அந்தக் கிரீடத்துல நான் நின்ன லட்சணத்த எல்லாரும் பாத்தீங்க."

பெட்டி சுற்றி வந்தது. வேண்டும் என்பவர் வெள்ளைக் குண்டு போட வேண்டும், வேண்டாம் என்பவர் கறுப்பு. ஒரு கறுப்பு விழுந்தாலும் தேர்வு இல்லை. தேர்தலன்று தனக்கு ஓட்டுப் போடாத கைகள்தான் இவை என்பது ஹாக்கெட்டுக்குத் தெரியும். ஒவ்வொரு கையும் பெட்டிக்குள் குண்டு போடும் சத்தத்தை அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஃபெல்ப்ஸ் பெட்டியைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்தார். அத்தனையும் வெள்ளை.

"ஒரு தடவ கத்திக் காட்டு, ஓரின்!" என்றார் பன்றி வியாபாரி. பிற்பாடு எப்படியோ உறுப்பினராகிவிட்டிருந்த பள்ளிக்கூட வாத்தியாரும் எழுந்து நின்று கைதட்டினான்.

ஹாக்கெட் எழுந்தார். மறுக்க வேண்டும், கொஞ்சமாவது ரோஷம் காட்ட வேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. கிரீடத்தைக் கையில் வாங்கியதும் அந்த ரோஷம் போன இடம் தெரியவில்லை. "இந்தப் புழுவைப் புதையுங்கள்!" என்று அவர் கர்ஜித்தபோது கூடம் முழுக்கக் கைகள் கழுத்துக்குப் போயின. அத்தனை முகத்திலும் சிரிப்பு. வாழ்நாளில் ஒரு கூட்டம் அவரை இப்படி நேசித்ததில்லை. செனட்டில் உட்கார்ந்தாலும் இது கிடைத்திருக்காது என்று நினைத்தார். அப்படி நினைத்துக்கொண்டது தோற்றதால்தான் என்பதும் அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது லவினா காபியை அடுப்பில் சூடாக வைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஓரின், ரொம்ப நாளைக்கப்பறம் மூஞ்சி மலந்திருக்கு?" என்றாள்.

"ஜெயிச்சுட்டேன் லவினா. எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்ல. மொத்த ஊரும் எனக்குத்தான் போட்டுச்சு."

அவள் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தாள்.

"கடவுளே! எந்த பதவிக்கு?"

ஹாக்கெட் அடுப்புப் பக்கம் போனார். காபியைத் தானே கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டார்.

"சொல்லக் கூடாது" என்றார்.