அத்தானின் பதில்கள்

நான் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். எட்டு வருட அனுபவம். பெருமைக்காகச் சொல்லவில்லை. இவ்வளவு தெரிந்தும் இப்படிச் செய்துவைத்தேனே என்பதற்காகச் சொல்கிறேன்.

அக்கா தையல் மெஷின் உதிரிபாகங்கள் விற்கிறாள். தனியாகக் கடை கிடையாது. வீட்டின் முன்னறையில் சுவரை மறைத்து இரும்பு அலமாரிகள், அவற்றில் முந்நூற்றுப் பன்னிரண்டு வகைச் சாமான்கள், ஜன்னலோரம் ஒரு பழைய கம்ப்யூட்டர். விற்பனை முழுக்க ஓர் ஆன்லைன் சந்தையில்தான். அத்தான் தொடங்கிய வியாபாரம் அது. அவர் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது.

அத்தானுக்கு விற்கத் தெரியாது, பேசத்தான் தெரியும். சந்தையில் ஒவ்வொரு சாமானின் பக்கத்துக்கும் கீழே வாங்குபவர்கள் கேள்வி கேட்க ஓர் இடம் உண்டு. 'இது என் மெஷினுக்குச் சேருமா?' என்று கேட்டால் மற்ற கடைக்காரர்கள் 'சேரும்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார்கள். அத்தான் ஒரு பத்தி எழுதுவார், அதுவும் பேசுகிற மாதிரியே. 'இது உங்களுக்குத் தேவையே இல்லைங்க, ஊசிக்குக் கீழ துணியை நகர்த்துற பல்லுல சிக்கியிருக்கிற நூலை எடுத்துவிடுங்க போதும்' என்று வாங்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பிய பதில்கள்கூட உண்டு. அப்போதெல்லாம் அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். இப்போது தினமும் காலையில் பார்சல் கட்ட உட்காரும் முன் அவற்றில் நான்கைந்தைத் திறந்து படிக்கிறாள். போட்டோவைப் பார்த்தால் அழுகை வருகிறதாம், இதைப் படித்தால் திட்டத் தோன்றுகிறதாம்.

"நல்லா நாலு திட்டு திட்டிட்டா அன்னைக்கு வேலை ஓடிருதுடா," என்றாள் ஒருநாள்.

இருப்பு எவ்வளவு என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் அவளே கையால் மாற்ற வேண்டும். மறந்துபோய், இல்லாத சாமான் இரண்டு முறை விற்றுவிட்டது. மூன்றாவது முறை நடந்தால் கடையையே மூடிவிடுவோம் என்று சந்தையிலிருந்து எச்சரிக்கை வந்தது.

"நீதான் பெரிய கம்ப்யூட்டர் புலியாச்சே, ஏதாவது பண்ணேன்."

புலி கிளம்பியது. வெளியாட்களின் புரோகிராம்கள் வந்துபோக அந்தச் சந்தை ஏபிஐ என்று ஒரு வாசல் வைத்திருந்தது. அந்த வாசலில் பேச வேண்டிய பேச்சையெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் முன்கூட்டியே எழுதி, லைப்ரரியாகத் தொகுத்து இலவசமாகப் போட்டிருந்தார். அதை என் புரோகிராமில் சேர்த்தால் போதும், அக்கா ஒரு பட்டியலில் எண்ணை மாற்றினால் சந்தைப் பக்கமும் தானாக மாறிவிடும்.

"கீழ அவர் எழுதினது இருக்கே, அதுல மட்டும் கை வைக்காத."

"எண்ணிக்கையை மட்டும்தான்கா மாத்தப் போறேன். அது பாட்டுக்கு அது இருக்கும்."

"நிஜமாத்தானே?"

"ஐயோ, ஒரு தடவை சொன்னா புரியாதா உனக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

லைப்ரரியில் இரண்டு கட்டளைகள் இருந்தன. ஒன்று 'திருத்து', இன்னொன்று 'மாற்று'. திருத்து என்று சொன்னால் சந்தை முரண்டு பிடித்தது. பக்கங்கள் பழையவை, இந்தக் கட்டம் காலி, அந்தக் கட்டம் காலி, முதலில் நிரப்பு என்றது. முந்நூற்றுச் சொச்சம் பக்கத்துக்கும் உட்கார்ந்து நிரப்ப எவனுக்குப் பொறுமை? மாற்று என்றதும் சத்தமில்லாமல் போய்விட்டது. விளக்கக் குறிப்பில் 'பழைய பக்கம் முடிக்கப்பட்டுப் புதியது திறக்கப்படும்' என்று ஒரு வரி இருந்தது. படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். படித்தேன். ஏதோ உள்வேலை என்று தாண்டிப் போனேன். ஒரு பெல்ட்டின் பக்கத்தில் சோதித்துப் பார்த்தேன். படம் இருந்தது, விலை இருந்தது, எண்ணிக்கை சரியாக மாறியிருந்தது. அந்தப் பெல்ட்டைப் பற்றி யாரும் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை என்பது இந்த மேதாவிக்கு உறைக்கவில்லை. மீதி அத்தனையையும் ஓட்டினேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை அக்கா போன் செய்தாள். கத்தவில்லை.

"டேய், அவர் எழுதினது ஒண்ணையும் காணோம். வேற எங்கயாவது இருக்கா?"

சந்தைக்கு எழுதினேன். முடிக்கப்பட்ட பக்கங்களின் கேள்வி பதில்கள் நிரந்தரமாக நீக்கப்படும், மீட்க இயலாது என்று பதில் வந்தது. இந்தப் பதில் உதவியாக இருந்ததா என்று கீழே ஐந்து நட்சத்திரம் வேறு. கெஞ்சி இன்னும் இரண்டு முறை எழுதினேன். அதே பதில், அதே நட்சத்திரங்கள்.

கடைசியில் என் கோப்புகளைத் துழாவினேன். ஒரு பக்கத்தை மாற்றும் முன் என் புரோகிராம் அதைப் படித்து, படித்ததைத் தனியே ஒரு கோப்பில் குறித்துவைக்கும். எங்கே தப்பு நடந்தது என்று தேட உதவும் என்பதால் எல்லோரும் செய்வதுதான். அத்தானின் பதில்களும் அதில் இருந்தன. ஆனால் நீளமாக இருந்தால் திரையை அடைக்குமே என்று, எதுவானாலும் அறுபது எழுத்தோடு வெட்டிவிடச் சொல்லியிருந்தேன். அந்தப் பாழாய்ப்போன வரியை எழுதியதும் நான்தான்.

நூற்று நாற்பத்தேழு பதில்கள். எல்லாவற்றிலும் தொடக்கம் மட்டும். அச்செடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் டேப்பையும் கத்திரியையும் ஒதுக்கிவைத்துவிட்டுத் தாளை வாங்கினாள்.

"'ஊசி உடையுதுன்னு மெஷினைத் திட்டாதீங்கம்மா, ஊசியோட தட்டைப் பக்கம்...' பின்னால பாத்து இருக்கான்னு பாருங்க," என்று மீதியை அவளே முடித்தாள். அடுத்ததையும் முடித்தாள். அதற்கடுத்ததில் சிரித்தே விட்டாள்.

"இந்த மனுஷன் பேச்சை நடுவுல நிறுத்த நான் எத்தனை வருஷம் பாடுபட்டேன். நீ ஒரே நாள்ல நிறுத்திட்டியே."

எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

அவள் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனாள். மூன்றாம் தாளின் நடுவில் குரல் நின்றது.

"'எங்க வீட்டம்மா மெஷின்லயும் இதே சத்தம் வந்துச்சு. அவங்க என்ன பண்ணாங்கன்னா...'"

மறுபடியும் அதையே படித்தாள். உதடுகள் அசைந்தன, மேற்கொண்டு எதுவும் வரவில்லை.

"நான் என்னடா பண்ணேன்?" என்றாள். "எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். என்னைப் பத்தி என்ன எழுதியிருந்தார்?"

அக்கா தாளை என் பக்கம் திருப்பி, அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தாள்.