சூடேறிய தவிடு

எண்பத்து மூன்றில் மழை பொய்த்து, பனமரத்துப்பட்டி ஏரிக்குள் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. வசந்தாமணிக்கு ஏரியை நினைக்க நேரமில்லை. தோட்டத்துக் கொட்டகையில் அடுக்கியிருந்த தவிட்டுத் தட்டுகளே அவள் மனதை அரித்தன.

விவசாயத்தை மட்டும் நம்பினால் ஆகாது என்று அவள் கணவன் மயில்சாமி தொடங்கிய தொழில் அது. கோதுமைத் தவிட்டை நனைத்து அவித்து, ஆறியதும் பூஞ்சை வித்தைக் கலந்து தட்டில் பரப்பினால், இரண்டு மூன்று நாளில் வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூஞ்சையில் ஊறும் நொதி, நெசவுக்காகத் துணியில் ஏற்றிய கஞ்சியைக் கரைத்துவிடும்; அது போனால்தான் சாயம் ஒரேசீராகப் பிடிக்கும். ஜலகண்டாபுரத்தில் சாயப்பட்டறை வைத்திருந்த சின்னண்ணன் அதை வாடிக்கையாக வாங்கினார். வேதியியல் படித்த வசந்தாமணிதான் சோதித்து அனுப்புவாள். கஞ்சித் தண்ணீரில் நொதிச் சாற்றை விட்டு, சற்றுப் பொறுத்து அயோடின் சொட்டினால் நீலம் தெரியக்கூடாது. தெரிந்தால் கஞ்சி கரையவில்லை என்று அர்த்தம்.

பஞ்சத்தோடு மின்வெட்டும் வந்தது. பூஞ்சை வளரும்போது தவிடு தானாகவே சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்ற வேண்டிய மின்விசிறிகள் பகலெல்லாம் அசையாமல் கிடந்தன. தட்டில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது. பூஞ்சை செத்திருந்தாலாவது சட்டென்று தெரிந்திருக்கும். அது அவசரமாக வளர்ந்து, காலத்துக்கு முந்தியே பச்சைப் பொடி கட்டியது. பார்வைக்கு அமோக விளைச்சல். அயோடின் சொட்டினால் கருநீலம்.

அதிலும் சுமாராகத் தேறியதைத்தான் அனுப்பிவைத்தார்கள். ஒருநாள் சின்னண்ணன் சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்த துணியோடு வந்தார்.

"மயிலு, உன்னயத் திட்ட வரல. உன்ற மருந்து கஞ்சிய எடுக்க மாட்டீங்குது. நான் ஆசிட்டுக்கே போயிக்கறேன் சாமி."

இன்னும் ஒரேயொரு தடவை பார்க்கும்படி மயில்சாமி கெஞ்ச, அவர் அரை மனதாகச் சம்மதித்தார்.

சூட்டைத் தணிக்கக் கொட்டகையைச் சுற்றி ஈரச்சாக்கு தொங்கவிட்டார்கள். கிணற்றில் ஊறிய கொஞ்சநஞ்சத் தண்ணீர் அதற்கே சரியாகப் போனது. வெயிலோ சாக்கின் ஈரத்தை நொடியில் உறிஞ்சியது. கடைசியில், வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் மாமியார் சென்னியம்மாளின் அறைதான் என்று தோன்றியது. மண்சுவர், தாழ்ந்த ஓட்டுக்கூரை. எப்படிக் கேட்பது என்று இருவரும் தயங்குவதற்குள் அவளே பாயைச் சுருட்டிக்கொண்டு முன்கூடமான ஆசாரத்துக்கு வந்துவிட்டாள்.

அந்த அறையில் வைத்த தவிடு பதமாக வெளுத்தது. சொட்டிய அயோடின் நீலமாகாமல் நின்றதைக் கண்டதும், "வந்துருச்சுங்க" என்றாள் வசந்தாமணி. மயில்சாமி சோதனைக் குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சின்னண்ணனும் துணி சுத்தமாக வந்ததென்று சொல்லியனுப்பினார்.

அடுத்த ஈட்டுத் தவிடு பூக்கும்போதே சென்னியம்மாளுக்கு இருமல் பிடித்தது. தட்டு ஓரங்களில் கட்டிய பச்சைத் தூள் வீடெங்கும் பறந்தது. பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. டவுனுக்குப் போய் ஃபேர்லேண்ட்ஸில் பார்த்த டாக்டர், பூஞ்சைத் தூள் நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அந்த வாடையே வீட்டில் இருக்கக்கூடாது என்றார்.

பஸ் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் சென்னியம்மாளே சொன்னாள்.

"தவுடு அங்கியே இருக்கட்டும் கண்ணு. நான் ஊட்டுக்கு வெளிய படுத்துக்கறேன்."

மயில்சாமி தாயைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பூஞ்சைக்கு எத்தனை ஈரம் வேண்டும், எத்தனை சூடு தாங்கும் என்றெல்லாம் வசந்தாமணிக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் ஒவ்வொரு தட்டாகத் தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டுபோனான். அவளும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். தவிடு மறுபடியும் கொதித்தது. சின்னண்ணன் ஆசிட்டுக்குப் போய்விட்டார். அவர்மேல் இருவருக்கும் கோபம் வரவில்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. கரண்டு வந்து, கொட்டகைக்குள் காற்று சில்லென்று ஓடியது. பூஞ்சை கேட்பதெல்லாம் அப்போது அங்கே இருந்தது. ஆனால் சென்னியம்மாளின் மூச்சிழுப்பு மட்டும் போகவில்லை. கொட்டகையைத் திறந்து பார்த்துவிட்டு வந்த மயில்சாமியின் சட்டை வாடைக்கே அவள் நெஞ்சு அடைத்தது.

மயில்சாமி தொழிலை விட்டுவிட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் வேலை கேட்டு வாங்கி, ஆந்திராப் பக்கம் போய்விட்டான். பொழுது சாய்ந்தால் வசந்தாமணி மாமியாரைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்து, முதுகை நீவிவிடுவாள்.

"நீ போய்ப் படு சாமி, உன்னால என்ன பண்ண முடியும்" என்பாள் சென்னியம்மாள்.

வசந்தாமணி நீவிக்கொண்டே இருப்பாள்.