சிங்கமுகத்தாளின் முற்றம்

“இந்த வருஷம் அம்மாகிட்ட என்ன கேக்கப் போற?” என்றான் பாசெர்.

“உங்கிட்டச் சொல்லிட்டா அப்புறம் அது என்ன வேண்டுதல்?”

“ஒரு கழுதை கேளு. கிழட்டுக் கழுதையா இருந்தாலும் பரவாயில்ல.”

“வீட்ல ஒண்ணு இருக்கே, போதாதா?”

போன வருடத் திருவிழாவுக்கு வரும்போது நானும் என் புருஷனும் படகில் பேசிக்கொண்டது. அவன் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. அதன்பின் படையோடு வடக்கே போனான். தோளில் நீளமாக ஒரு தழும்போடு வந்தான். இப்போதும் சிரிக்கிறான், ஆனால் எங்கே போனாலும் முதுகைச் சுவரில் சாய்த்துத்தான் உட்காருகிறான்.

இந்த முறை அவனுக்கு இன்னொரு வழி திறந்திருந்தது. மூத் என்கிற சிங்கமுகத்தாளின் கோயில் வாசலுக்குக் காவலாள் தேவைப்பட்டது. படையா, வாசலா என்று திருவிழா இரவு விடிந்ததும் தளபதியிடம் சொல்லியாக வேண்டும். அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. நானும் ‘இரு’ என்று சொல்லவில்லை. போருக்குப் போகிறவனைப் பெண்டாட்டி தடுத்தால் சிங்கமுகத்தாளின் கோபம் அவன்மேல்தான் விழும் என்பது எங்கள் சிப்பாய்த் தெருவின் பயம். வீட்டில் அவள் மூத், எங்கள் அம்மா. போர்க்களத்தில் அவளே செக்மெத். தொட்டிலுக்கு மேலேயும் அவளைத்தான் வரைகிறோம், கேடயத்திலும் அவளைத்தான்.

ஆதியில் மனிதர்களையெல்லாம் கொன்று ரத்தம் குடிக்க இறங்கியவளுக்கு, செம்மண் கலந்த மதுவை ரத்தம் என்று காட்டிக் குடிக்க வைத்தார்கள். தூங்கி எழுந்தபோது அவள் அம்மாவாகியிருந்தாள். அதனால்தான் நாங்களும் சிவப்பு மதுவைக் குடித்து அவள் முற்றத்திலேயே விழுந்து கிடப்பது. விடியலில் முரசு அறைவார்கள். பதறி எழும் அந்த நொடியில் வேண்டிக் கேட்பது நேரே அவள் காதுக்குப் போகும். எனக்கோ ஒவ்வொரு வருடமும் நாக்குக் குழறி, வார்த்தை கூடுவதற்குள் சன்னிதிக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் இந்த முறை கிண்ணத்தை உதட்டில் வைத்துவிட்டு, மதுவைப் பாய்க்கு அடியில் ஊற்றினேன்.

“என்னடி, பாய்க்கும் தாகமா?” பக்கத்துப் பாயிலிருந்து பாசெரின் அக்கா தீயா கேட்டாள். “தூங்காதவளை அம்மா எப்படி எழுப்புவா?”

“நான் முழிச்சுத்தான் இருக்கேன்னு நீங்களே சொல்லிடுங்க மதினி.”

“குறட்டையில சொல்றேன் போ,” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முரசு அதிர்ந்தபோது கோயில் ஏரியிலிருந்து வாத்துகள் கூட்டமாக எழும்பின. முற்றம் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. பாசெர் மட்டும் நிமிரவில்லை. கண் திறக்கும் முன்பே என்மேல் விழுந்து என்னை முழுதாக மூடினான்.

“தலையைத் தூக்காதே. அம்பு வருது.”

அவன் கை தரையைத் துழாவிக் கேடயம் தேடியது. அவன் நெஞ்சு என் முதுகில் இன்னொரு முரசாக அடித்தது. இத்தனை வருடங்களில் அவன் பயத்தை நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு முரசுக்கும் மது மயக்கத்தில்தானே எழுந்திருக்கிறேன்.

கதவு திறந்தது. பூசாரிகளின் தோள்மேல் அவள் வந்தாள். முதல் வெயில் அந்தப் பொன்முகத்தில் பட்டதும் முற்றமே மூச்சடக்கியது. பாசெரின் தோளுக்கு மேலாக நான் பார்த்தேன். பெண்ணின் மார்பு, சிங்கத்தின் வாய். எதிரியின் கழுத்தைக் கடிக்கும் வாய். குட்டியை வலிக்காமல் கவ்வித் தூக்குவதும் அதே வாய்தான். மயிர்க்கூச்செறிந்தது. இவளையா வீட்டில் ஒருத்தி, போர்க்களத்தில் இன்னொருத்தி என்று நினைத்துப் பயந்தேன்?

சுற்றிலும் குரல்கள் வெடித்தன. பிள்ளை வேண்டும் என்றார்கள், நோய் தீர வேண்டும் என்றார்கள். தீயா, இழந்த பல்லைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாசெருக்கு இப்போதுதான் தெளிந்தது. வெட்கத்தோடு விலகப் பார்த்தான். நான் அவன் கையை விடவில்லை. அவனையும் இழுத்துக்கொண்டு எழுந்து, அவள் கண்ணுக்கு நேராக நின்றேன். அவனுக்கும் கேட்கட்டும் என்றே கத்தினேன்:

“அம்மா! போர்க்களத்துல உனக்கு முன்னால இவன் ஓடினது போதும். உன் வாசல்லயே நிறுத்திக்கோ. இவனை எனக்குக் குடு!”