டீம் லீடரின் தாகம்

"தண்ணி!"

அறைக்குள்ளிருந்து மகனின் குரல் வந்ததுமே மாமியார் பதறிப்போனாள். "காது கேக்கலையா உனக்கு? வேலை செய்யுற புள்ள தொண்டை வறண்டு கத்துறான். குடுத்துட்டு உடனே வந்துடு. அங்கேயே நின்னு அவனைத் தொந்தரவு பண்ணாதே."

மருமகள் அசையவில்லை. அடுப்பு மேடையைத் துடைத்த துணியைப் பிழிந்து, உதறிக் காயப்போட்டாள்.

நான்கு வருடமாக அந்த வீட்டில் இப்படித்தான் தாகம் எடுக்கிறது. அவள் கணவனுக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் மென்பொருள் வேலை. புரோகிராம் எங்கேயாவது சிக்கிக்கொண்டால் போதும், "தண்ணி!" என்பான். அவள் டம்ளரோடு போவாள். கதவு சாத்தப்படும். மேஜையோரம் நின்றபடியே எங்கே பிசகு என்று கண்டுபிடித்து, நாலு வரியை அழித்து, நாலு வரியைப் புதிதாக எழுதிவிட்டுக் காலி டம்ளரோடு வெளியே வருவாள். "ஒரு டம்ளர் தண்ணி குடுக்க இவ்வளவு நேரமா?" என்று மாமியார் முணுமுணுப்பாள். ஆபீசில் அவனுக்கு மூளைக்காரன் என்று பேர். அந்த மூளைக்காகத்தான் டீம் லீடர் பதவியும் கொடுத்தார்கள்.

இருவரும் படித்தது ஒரே கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான். அவள் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தவள். அவன் எப்படியோ கரையேறியவன். சம்பந்தம் பேசும்போது பையன் வீட்டார் கேட்டது ரெண்டே ரெண்டு. பெண் இன்ஜினியராக இருக்க வேண்டும். ஆனால் வேலைக்குப் போகக் கூடாது. என்ன கண்றாவி நியாயமோ! படிப்பு வேண்டுமாம், வருகிறவர் போகிறவரிடம் பெருமையடித்துக்கொள்ள.

"இந்த புராஜெக்ட் முடியட்டும், அம்மாகிட்ட நானே பேசுறேன்" என்று அவனும் ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். காத்திருந்து அலுத்துப்போனவள், தானே ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்து இன்டர்வியூவிலும் தேறிவிட்டாள். வேலை கிடைத்த சேதியை நேற்றுச் சாப்பிடும்போது சொன்னாள். சம்மதமா இல்லையா என்று இன்றைக்குள் பதில் போட்டாக வேண்டும்.

"வீட்டுல சும்மா இருந்தவளுக்கு இப்ப என்ன வேலை தெரியும்? போய் மானம் கெட்டுத் திரும்பி வரவா?" என்றாள் மாமியார்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனோ தட்டைவிட்டுத் தலை நிமிராமல் சொன்னான்: "அம்மா சொல்றது சரிதான். நாலு வருஷமா இவ கம்ப்யூட்டரையே தொடல. டச் விட்டுப் போச்சு."

அவளுக்கு அழுகை வரவில்லை. பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"தண்ணி!" இந்த முறை குரல் கீச்சிட்டது. பஸ் டிக்கெட் பதிவு செய்யும் புரோகிராமை வீடியோ காலில் வாடிக்கையாளர்களுக்கு அவன் ஓட்டிக்காட்டும் நாள் இன்று. "ஒரே சீட்டு எப்படி சார் ரெண்டு பேருக்குப் போகுது?" என்று யாரோ அவனைக் கேட்பது வெளியே வரைக்கும் கேட்டது. எந்த இடத்தில் தப்பு என்று கண்ணை மூடிக்கொண்டே அவளால் சொல்ல முடியும்.

டம்ளரை நிரப்பி மாமியாரிடம் நீட்டினாள். "நீங்களே குடுத்துடுங்க அத்தை."

"ஏன், உனக்கு என்ன வந்தது?"

"எனக்குத்தான் டச் விட்டுப் போச்சே. கை தவறிக் கொட்டிடுவேன்."

மாமியார் முறைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

"அம்மா, நீ எதுக்கு வந்தே? அவளை வரச் சொல்லு!"

"யார் கொண்டுவந்தா என்னடா? தண்ணி தண்ணிதானே, குடி."

குடித்தான். மறுபடி கத்தினான். மறுபடியும் அம்மாதான் போனாள். இப்படிப் போய்ப் போய்ச் சொம்பே காலியானது. கொஞ்ச நேரத்தில் அறையில் பேச்சுச் சத்தமே நின்றுபோனது.

மாமியார் காலி டம்ளரோடு வெளியே வந்தாள்.

"புள்ள பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கான். எல்லாம் நீ காலையிலேயே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டதால வந்த வினை. அவ்வளவு தண்ணி குடிச்சும் வேலை ஓடலையாமே!" சட்டென்று நின்றாள். டம்ளரை ஒரு முறை பார்த்தாள், மருமகளை ஒரு முறை பார்த்தாள். "அதே தண்ணிதானே? நீ கொண்டுபோனா மட்டும் எப்படி ஓடுது?"

மருமகள் போனை எடுத்து, சம்மதம் என்று பதில் அனுப்பினாள்.

"உங்க பிள்ளையையே கேளுங்க அத்தை. திங்கக்கிழமையிலேருந்து நீங்கதான் கொண்டுபோகணும்."